இலையைக் கற்றல்: ஊவாத் தோட்டங்களும் தாவர வரைகலையும்

இலங்கையின் பெருந்தோட்டத் துறை பற்றி இதுவரை வெளிவந்த ஆய்வுகளிற் பெரும்பாலானவை நிலவுடைமை, மூலதனம், குடியேற்றம், கூலி, குடியுரிமைச் சட்டங்கள் என்பவற்றையே மையமாகக் கொண்டுள்ளன. அவற்றின் இன்றியமையாமையை எவரும் மறுக்கமாட்டார். எனினும், அப்பொருளாதாரம் முழுவதும் செடியொன்றின் இலையிலே தங்கியிருந்தது என்ற எளிய உண்மை நமது ஆய்வுகளில் உரிய கவனத்தைப் பெறவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கோப்பி அழிந்ததும் தேயிலை எழுந்ததும் சந்தையின் ஏற்றத்தாழ்வால் மாத்திரம் நிகழ்ந்தவை அல்ல. ஓர் இலையின் அடிப்பக்கத்தில் தோன்றிய செம்மஞ்சட் புள்ளியும் அம்மாற்றத்தின் காரணங்களுள் ஒன்று. அப்புள்ளியை யார் கண்டனர், எவ்வாறு கண்டனர், கண்டதை எவ்வாறு பதிவுசெய்தனர் என்ற வினாக்கள் விஞ்ஞான வரலாற்றுக்கு உரியன. சமூக வரலாற்றுக்கும் அவை அதே அளவுக்கு உரியன.

தாவரமொன்றைப் பொறுமையுடன் கவனித்து வரைதல் என்னும் கலை இலங்கையில் எவ்வாறு கற்கப்பட்டது, அக்கலைக்கும் பதுளை உள்ளிட்ட ஊவாத் தோட்டப் பிரதேசத்துக்கும் இடையே நிலவிய தொடர்பு யாது, அத்தொடர்பிலே தோட்டத் தொழிலாளரின் இடம் எது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மடூல்சீமை, 1869

பதுளைக்குக் கிழக்கே, பசறையைக் கடந்து செல்லும் மலைத்தொடரில் அமைந்தது மடூல்சீமை. 1860களில் அது புதிதாகக் காடழித்துக் கோப்பி பயிரிடப்பட்ட பகுதிகளுள் ஒன்று. கண்டிப் பிரதேசத்தில் 1830களில் வேகம்பெற்ற கோப்பிச் செய்கை, நல்ல நிலங்களைத் தேடிக் கிழக்கு நோக்கி நகர்ந்தபோது ஊவாவின் சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டித் திறக்கப்பட்டன. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் திரட்டிவந்த தொழிலாளர் இச்சரிவுகளிற் குழி வெட்டினர், நாற்று நட்டனர், களை பிடுங்கினர், பழம் பறித்தனர்.

1869ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மடூல்சீமைத் தோட்டமொன்றிலே கோப்பி இலைகளின் அடிப்பக்கத்திற் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்த வட்டமான புள்ளிகள் காணப்பட்டன. புள்ளி விழுந்த இலைகள் காலத்துக்கு முந்தி உதிர்ந்தன. அக்காலத்திற் பேராதனை அரச தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்தவர் ஜோர்ஜ் துவெயிற்ஸ். நுணுக்குக்காட்டியைக் கையாள்வதில் நீண்ட பயிற்சி பெற்றிருந்த அவர், நோயுற்ற இலைகளை இங்கிலாந்திலிருந்த பங்கசு அறிஞரான மைல்ஸ் ஜோசப் பேர்க்லிக்கு அனுப்பினார். அதே ஆண்டு நவம்பரில் பேர்க்லி அப்பங்கசுவைப் புதியதொரு சாதியாக விவரித்து, ஹெமிலேயா வஸ்தாற்றிக்ஸ் என்று பெயரிட்டார்.

இப்பெயரின் பொருள் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 'ஹெமிலேயா' என்பது பாதி வழவழப்பானது எனப் பொருள்படும். இப்பங்கசுவின் வித்தி சிறுநீரக வடிவினது. அதன் வெளிவளைந்த புறம் சிறு முட்களால் நிறைந்திருக்க, மறுபுறம் வழவழப்பாகவே உள்ளது. வெறுங்கண்ணாற் காணவியலாத துகளொன்றின் ஒரு பாதிக்கும் மறு பாதிக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டறிந்த பார்வையே அதன் பெயராயிற்று. 'வஸ்தாற்றிக்ஸ்' என்பது பாழ்செய்வது என்று பொருள்படும். துரைமார் இப்பெயரைத் தம் நாவுக்கேற்பத் திரித்து 'பாழ்செய்யும் எமிலி' என்று கேலியாக வழங்கினர். கேலி நெடுநாள் நிலைக்கவில்லை. 1878ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரிற் பரந்திருந்த கோப்பி, அடுத்த இரு தசாப்தங்களுக்குள் ஏற்றுமதிப் பயிர் என்ற நிலையை இழந்தது.

எனவே, இலங்கையின் பொருளாதாரப் புவியியலை மாற்றிய நோய் விஞ்ஞான உலகுக்கு முதலில் அறிமுகமானது ஊவாவின் இலையொன்றின் மூலமாகவே. அவ்விலையைக் கவனிப்பதற்கும் வரைவதற்குமான பயிற்சி அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே பேராதனையில் உருவாகத் தொடங்கியிருந்தது.

2. பேராதனையின் வரைஞர் மரபு

பேராதனைப் பூங்கா 1821இல் அலெக்சாந்தர் மூன் என்பவரால் தொடங்கப்பட்டது. 1824இல் அவர் வெளியிட்ட தாவரப் பட்டியல் இலத்தீன் பெயர்களோடு சிங்களப் பெயர்களையும் தந்தது. அதற்கு முந்திய ஆண்டில், அதாவது 1823இல், ஹர்மானிஸ் த அல்விஸ் செனவிரத்ன என்னும் சிங்கள இளைஞரைப் பூங்காவின் படவரைஞராக மூன் நியமித்தார். மூன் 1825இற் காலமானார்; அவருக்குப் பின் பூங்காவின் தலைமை பலமுறை கைமாறியது. ஆயின் ஹர்மானிஸ் 38 ஆண்டுகள் அப்பணியிலேயே இருந்தார். தலைவர்கள் வந்துபோயினர், தாவரங்களைப் பற்றிய தொடர்ச்சியான காட்சி நினைவு ஒரு சுதேச வரைஞரிடமே தங்கியிருந்தது எனலாம்.

ஹர்மானிஸின் புதல்வரான வில்லியம், ஜோர்ஜ் ஆகியோரும் இத்தொழிலையே மேற்கொண்டனர். 1880க்கும் 1887க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த பிரெடெரிக் மூரின் இலங்கை வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய பெருநூலுக்கு ஆதாரமான படங்களை வரைந்தோர் இச்சகோதரர்களே. கம்பளிப்புழுவையும் அது உண்ணும் செடியையும் ஒருங்கே காட்டிய அப்படங்கள், உயிரொன்றை அதன் வாழ்சூழலோடு சேர்த்துப் பார்க்கும் பயிற்சியைப் புலப்படுத்துகின்றன. துவெயிற்ஸ் திரட்டிய பங்கசுக்களையும் வில்லியம் வரைந்தார். துவெயிற்ஸுக்குப் பின் பணிப்பாளராக வந்த ஹென்றி ட்றிமென், 1893ஆம் ஆண்டு முதல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைந்நூலுடன் 100 படங்கள் கொண்ட தொகுதியொன்றும் வெளிவந்தது. அவ்வரைஞர் குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பே அத்தொகுதியின் அடித்தளம். 1896இல் ட்றிமென் மறைந்தபின் எஞ்சிய பகுதிகளை ஜோசப் ஹூக்கர் 1900இல் நிறைவுசெய்தார்.

இவ்வரைஞர்களின் பெயர் தாவரவியலில் முற்றாக மறைந்துவிடவில்லை. நுண்ணிய ஓர்க்கிட்டு ஒன்றுக்கு அல்விசியா என்னும் சாதிப்பெயரைத் துவெயிற்ஸ் முன்மொழிய, அது 1850களின் இறுதியில் லின்ட்லியினால் வெளியிடப்பட்டது. 1873இல் இலங்கையிற் கிடைத்த சளிப்பூஞ்சை ஒன்றுக்கும் பேர்க்லியும் புறூமும் அல்விசியா என்றே பெயரிட்டனர். தென்னிந்தியாவிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. சென்னை மாகாணத்திற் பணியாற்றிய றொபேட் வைற் 1838க்கும் 1853க்கும் இடையில் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தாவரப் படநூல் 2,101 படங்களைக் கொண்டது. அவற்றுக்கான மூலங்களை வரைந்தோருள் முதன்மையானவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் தென்னிந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரால் ஓர்க்கிட்டுச் சாதியொன்றுக்குக் கோவிந்துயியா என வைற் பெயரிட்டார். பின்வந்த வகைப்பாட்டில் அப்பெயர் வேறொரு சாதியுள் அடங்கிவிட்டது. ஓர்க்கிட்டுக்கு இடப்பட்ட அல்விசியாவுக்கும் அதுவே நேர்ந்தது. சளிப்பூஞ்சையின் பெயரோ இன்றும் வழக்கிலுள்ளது.

இவ்வங்கீகாரத்தை மிகைப்படுத்தல் ஆகாது. நூலின் முகப்பில் ஆசிரியராக இடம்பெற்றவர் ஐரோப்பிய அறிஞரே. தாவரத்தைத் தெரிவுசெய்தல், பெயரிடல், விவரித்தல் ஆகிய அதிகாரங்கள் அவரிடமிருந்தன. வரைஞர் மாதச் சம்பளம் பெறும் ஊழியர். ஆயினும், கோட்டைத் தீர்மானித்தது வரைஞரின் கண்ணே. காலனித்துவ விஞ்ஞானம் சுதேசியின் உழைப்பைப் பயன்படுத்திய முறையில், பெயரேனும் எஞ்சிய ஓர் அரிய வகையினர் இவர்கள்.

3. வரையக் கற்கும் முறை

தாவர வரைகலையை இயற்கையாய் அமைந்த கைவண்ணமாகக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதன் தொழில்முறையை நோக்கின் இக்கருத்துப் பொருந்தாது என்பது தெளிவாகும். அது படிப்படியாகப் பயிலப்படும் ஓர் ஒழுக்கம்.

அதன் முதற்படி எண்ணுதல். கோப்பிக் கிளையொன்றை வரையப் புகுபவர் முதலில் இலைகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்று காணவேண்டும். அவை கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்தவை. இரு காம்புகளுக்குமிடையே தண்டிலே சிறு முக்கோணச் செதில் உண்டு. தேயிலையிலோ கணுவுக்கு ஓரிலைதான். அடுத்தது வேறு திசையில் அமையும். இவ்விரண்டையும் அறியாது வரையப்படும் படம் எவ்வளவு அழகாயினும் தாவரவியற் படமாகாது. இரண்டாம் படி அளத்தல். கவராயத்தால் இலையின் நீளத்தையும் மிகுதியான அகலத்தையும், அவ்வகலம் இலையின் எவ்விடத்தில் விழுகிறது என்பதையும் அளந்து, இயன்றவரை இயற்கையளவிலேயே வரையவேண்டும். மூன்றாம் படி புரட்டிப் பார்த்தல். மேற்பக்கம் மாத்திரம் வரையப்பட்ட இலை பாதி அறிவையே தரும். நரம்பின் புடைப்பும் மயிரும் நோயின் முதற் குறியும் பெரும்பாலும் அடிப்பக்கத்திலேயே வெளிப்படுகின்றன. நான்காம் படி பிரித்தல். பூவை நெடுக்காகப் பிளந்து அல்லி, கேசரம், சூலகம் என்பவற்றின் தொடர்பைக் காட்டவேண்டும். தேயிலைப் பூவின் வெண்ணிற இதழ்களுக்குள் எண்ணற்ற மஞ்சட் கேசரங்களும் அவற்றின் நடுவே மூன்று அறைகள் கொண்ட சூலகமும் உள்ளன. கேசரங்களை 'எண்ணற்றவை' என்று எழுத்திற் கூறிவிடலாம். வரைபவர் அவை எவ்விடத்திலிருந்து எழுகின்றன, அடியில் எவ்வாறு இணைகின்றன என்பதைக் கண்டே தீரவேண்டும்.

இப்பயிற்சியிற் காலமும் ஒரு காரணியாகும். பறித்த பூ சில மணி நேரத்துள் வாடும். ஆதலின் எதை முதலில் வரைவது என்பது தீர்மானிக்கப்படவேண்டும். பூவின் நிறத்தை முதலிற் குறித்துக்கொண்டு, உருவம் மாறாத தண்டையும் முதிர்ந்த இலையையும் பின்னர் முடிப்பதே பயன்தரும் ஒழுங்கு. காயைக் காண மாதங்கள் காத்திருக்கவேண்டும். ஒரு செடியின் முழுமையான படம் பெரும்பாலும் ஒரு நாளில் எழுவதன்று. வெவ்வேறு பருவங்களில் அதே செடியிடம் மீண்டும் மீண்டும் செல்வதால் எழுவது.

பயில்வோர் அனைவரும் எதிர்கொள்ளும் முதன்மையான இடர் ஒன்று உண்டு. கண்முன் உள்ள இலையை விடுத்து, மனத்தில் ஏற்கெனவே உள்ள 'இலை' என்னும் கருத்தைக் கை வரைந்துவிடுகிறது. எடுத்துக்காட்டாக, தேயிலையின் விளிம்பு பற்களுடையது என்பதை அறிந்த மாணவர் எல்லா இலைகளுக்கும் பற்களை வரைந்துவிடுவார். ஆயின் புதிய துளிரின் அடியில், ஏனையவற்றினும் சிறிதாய், நுனி மழுங்கி, பெரும்பாலும் பற்களின்றி ஓரிலை இருக்கிறது. பொதுவிதியை அறிந்தவர் இதனைத் தவறவிடுவார். இச்செடியை நோக்கியவர் காண்பார். பொதுவிதியும் தனியுருவும் முரண்படும் இவ்விடத்திலேதான் கவனித்தல் அறிவாக மாறுகின்றது.

4. மார்ஷல் வாட்: வாதமாக அமைந்த படம்

பொறுமையான நோக்கும் அதன்வழி எழுந்த படமும் விஞ்ஞானச் சர்ச்சையொன்றைத் தீர்க்கக்கூடும் என்பதற்கு ஹரி மார்ஷல் வாட் சிறந்த சான்றாவார். கோப்பி நோய் பெருகியபோது அதற்குக் காலநிலை, மண்ணின் சோர்வு, செடியின் தளர்ச்சி எனப் பல காரணங்கள் கூறப்பட்டன. அக்காலத்திற் பேராதனையிற் பணியாற்றிய டானியல் மொறிஸ் கந்தகமும் சுண்ணாம்பும் தூவும் சோதனைகளை 1870களின் இறுதியில் நடத்தினார். தோட்டங்களிற் செடிதோறும் அத்தூளை இட்ட கைகள் தொழிலாளருடையவை.

1880இல் இலங்கை வந்த வாட், அப்போது 26 வயதினர். இரண்டாண்டு காலம் அவர் ஒரே வினாவைத் தொடர்ந்தார்: வித்தி இலையினுள் எவ்வாறு நுழைகிறது? இலையின் அடிப்பக்கத்தில் நீர்த்துளியிலே வித்தியை இட்டு, குறித்த நேரங்களில் நுணுக்குக்காட்டியில் நோக்கி, ஒவ்வொரு நிலையையும் வரைந்தார். வித்தியிலிருந்து மெல்லிய குழாய் நீண்டது. அது இலைவாயை அடைந்தது. அதனூடாக உள்ளே சென்று கலங்களுக்கிடையே கிளைத்தது. ஏறத்தாழ இரு வாரங்களில் அதே இடத்திற் செம்மஞ்சட் புள்ளி தோன்றியது. கோப்பி இலையில் இலைவாய்கள் அடிப்பக்கத்திலேயே உள்ளமையால் நோய் அங்கு தோன்றும் காரணமும் விளங்கிற்று. கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களிலே தொங்கவிட்டுக் காற்றில் வரும் வித்திகளையும் அவர் பிடித்துக் காட்டினார்.

இங்குப் படம் அலங்காரமாக இல்லை. அதுவே நிறுவலாக அமைந்தது. நிலைகளின் தொடர்ச்சியைக் காட்டும் படவரிசையின்றி, நோய்க்கு முதற்காரணம் பங்கசுவே என்ற அவரது முடிவு வலிமை பெற்றிருக்காது. ஆயினும் தோட்ட முதலாளிகளுக்கு அவரால் உடனடி மருந்து எதனையும் தர இயலவில்லை. காற்றுத் தடுப்பின்றி மலைமலையாக ஒரே பயிரை நெருக்கி நட்டமையே பங்கசுவின் பரவலுக்கு வழிவகுத்தது என்பது அவரது ஆய்விலிருந்து பெறப்பட்ட பாடம். நோயின் வேர் உற்பத்தி முறையிலேயே இருந்தது என்பதற்கு இலையின் படமே சான்றாயிற்று. அதனை ஏற்று உற்பத்தி முறையை மாற்றுவதற்குப் பதிலாக, கோப்பி இருந்த இடத்தில் இன்னொரு தனிப்பயிரான தேயிலை வைக்கப்பட்டது.

இம்மாற்றத்தின் சமூக விளைவு பெரிது. கோப்பி அறுவடை பருவத்துக்குரியது; தொழிலாளரிற் பெரும் பகுதியினர் வந்து திரும்பினர். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. நிலையான உழைப்பாளரை, சிறப்பாகப் பெண்களின் உழைப்பை, அது வேண்டிநின்றது. லயன் வாழ்க்கை நிரந்தரமாயிற்று. மலையகத் தமிழர் என்னும் மக்கட் சமூகம் இந்நாட்டில் வேரூன்றிய வரலாற்றின் பின்னணியில் மடூல்சீமையின் அந்த இலையும் உள்ளது.

5. ஊவாவின் தாவரமும் தமிழரின் தாவர அறிவும்

1886இல் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது. பதுளை அதன் தலைநகராயிற்று. அதே ஆண்டில் பேராதனையின் கிளைத் தோட்டமொன்றும் பதுளையில் நிறுவப்பட்டது. அதற்கு முன்னர், 1861இல், சிங்கோனாச் செய்கைக்காகத் தொடங்கப்பட்ட ஹக்கலைப் பூங்கா, ஊவாப் பள்ளத்தாக்கை நோக்கிய மலைவிளிம்பிலேயே அமைந்திருந்தது. மேற்குச் சரிவுகளின் ஈரத்துக்கு மாறாக, ஊவா வடகீழ்ப் பருவக்காற்றால் மழைபெற்று, ஆண்டின் நடுப்பகுதியிற் கச்சான் வீசும்போது உலர்ந்து கிடப்பது. அவ்வுலர் காற்றே ஊவாத் தேயிலையின் தனிமணத்துக்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. அக்காலநிலை வேறான தாவரத் தொகுதியையும் வளர்த்தது.

தோட்டத் தமிழர் 'பத்தனை' என்று வழங்கும் புல்வெளிகள் ஊவாவின் தனிச்சிறப்பு. 1897இல் இலங்கை வந்த ஹென்றி ஹரல்ட் பியர்சன் இவற்றை ஆராய்ந்து 1899இல் ஆய்வுரை வெளியிட்டார். உலர் பத்தனைகளிற் புல்லிடையே ஆங்காங்கு நிற்கும் மரங்களுள் நெல்லி, கடுக்காய், தான்றி என்பன முக்கியமானவை. இம்மூன்றும் தமிழ் மருத்துவத்தில் திரிபலை என ஒருங்கே வழங்கப்படுவன. தாவரவியலாளர் புதிய நிலப்பகுதியின் தாவரங்களாக இவற்றைப் பதிந்த வேளையில், தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி அவற்றைத் தன் ஊர் மரங்களாகவே அறிந்திருத்தல் கூடும். அந்நிய மண்ணில் முதலில் இனங்காணப்படுபவை இத்தகைய பழகிய இலைகளே.

தமிழ் மரபிலே தாவரத்தை நுணுகி நோக்கும் பயிற்சி தொன்மையானது. புல்லையும் மரத்தையும் அவற்றின் வன்மை வெளியே அமைந்ததா உள்ளே அமைந்ததா என்பது கொண்டு தொல்காப்பிய மரபியல் பிரிக்கின்றது; அவ்வவ்வகையின் உறுப்புகளுக்குரிய சொற்களையும் வகுத்துரைக்கின்றது. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் நிரல்படுத்தப்பட்டுள்ளன. நிலத்தைப் பூவின் பெயரால் வகுத்த திணைக் கோட்பாடும் கவனித்தலின் விளைவே. ஆயின் இம்மரபு அறிவைச் சொல்லிலே சேமித்தது. சொல், அறிந்தவனுக்கு அறிந்ததை நினைவூட்டும். அறியாதவனுக்கு உருவைக் காட்டுவதிற் குறைபடும். குறிஞ்சிப்பாட்டின் பூக்கள் சிலவற்றை இன்ன செடியென்று துணிவதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றுக்கு ஒப்பான கோட்டுப் படங்கள் எஞ்சியிருப்பின் அச்சிக்கலிற் பெரும்பகுதி எழுந்திராது. சொல் மரபும் கோட்டு மரபும் ஒன்றையொன்று நிறைவுசெய்வன. இரண்டும் ஒரே கையில் இணையும் வாய்ப்பைக் காலனித்துவக் கல்விமுறை நம் மக்களுக்குத் தரவில்லை.

6. கொழுந்தெடுப்பவரின் கண்

தேயிலை மலையிற் கொழுந்தெடுக்கும் பெண்ணின் வேலை கைவேகமாக மாத்திரம் கணிக்கப்பட்டு வந்துள்ளது. பறித்த இறாத்தலே அதற்கு அளவுகோல். ஆயின் அவ்வேலையின் உட்கூறுகளை நோக்கின், முன்னர்க் கூறப்பட்ட வரைஞரின் பயிற்சிக்கும் இதற்குமிடையே வியக்கத்தக்க ஒப்புமை காணப்படும். குருத்தும் இரண்டு இலையும் கொண்ட துளிரைப் பறித்தல், வளர்ச்சி நின்ற குருத்தை இனங்காணுதல், முதிர்ந்த இலையை விலக்குதல், மேலே கூறிய பற்களற்ற சிறிய இலை வரை கணித்து எவ்விடத்திற் கிள்ளுவது எனத் தீர்மானித்தல், செடியின் மட்டம் கெடாது பார்த்தல் ஆகியன ஒவ்வொரு துளிரிலும் கணப்பொழுதில் நிகழ்கின்றன. ஏறத்தாழ வாரத்துக்கொருமுறை அதே நிரைக்கு அவள் திரும்பி வருகிறாள். ஆண்டுக்கணக்கில் அதே செடிகளின் துளிர்ப்பையும் கவ்வாத்துக்குப் பின்னான எழுச்சியையும் காண்கிறாள். ஒரே செடியிடம் மீண்டும் மீண்டும் செல்லுதல் என்ற, தாவர வரைகலையின் அடிப்படை நிபந்தனையை அவளைப்போல் நிறைவேற்றியோர் சிலரே.

1946இல் இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கியது. அதுவும் பங்கசு நோயே. இளந்துளிரில் ஒளி ஊடுருவும் சிறு புள்ளியாகத் தொடங்கி, பின்னர் இலையின் அடிப்பக்கம் கொப்புளமாய்ப் புடைத்து வெண்மையாகும். அது முதலில் தாக்குவது பறிக்கப்படும் அதே துளிரையே. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டு, பேராதனையின் பங்கசு அறிஞராயிருந்த தோமஸ் பெற்ச் அதன் முதற் பணிப்பாளராகி, நோயாராய்ச்சி முறைப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. செப்பு மருந்து தெளித்தலால் இந்நோய் கட்டுப்படுத்தப்பட்டது. 1869க்கும் 1946க்கும் இடையில் விஞ்ஞானம் பெரிதும் முன்னேறியிருந்தது. ஆயின் நோயுற்ற துளிரை நாள்தோறும் கையால் தொடுபவரின் அவதானம் ஆராய்ச்சியின் மொழியில் இடம்பெறுவதற்கான நிறுவன வழி அப்போதும் அமைந்திருக்கவில்லை. ஆராய்ச்சியின் மொழி ஆங்கிலம். மலையின் மொழி தமிழ். இரண்டுக்குமிடையே கங்காணியும் கணக்கப்பிள்ளையும் இருந்தனர். அவர்கள் மேலே கொண்டுசென்றவை பெயரும் நாட்கூலியும் இறாத்தற் கணக்குமே.

வரைஞருக்கும் கொழுந்தெடுப்பவருக்கும் இடையிலான வேறுபாடு கண்ணின் கூர்மையில் இல்லை. அவ்விருவரும் நின்ற உற்பத்தி உறவுகளிலேயே அது உள்ளது. வரைஞருக்குத் தாளும் தூரிகையும் நேரமும் வழங்கப்பட்டன. ஓர் இலைக்கு ஒரு நாளைச் செலவிட அவருக்கு உரிமை இருந்தது. கொழுந்தெடுப்பவருக்கு ஓர் இலையில் நின்று நோக்குதல் கூலி இழப்பாகும். ஒரே விதமான கவனம், ஓரிடத்தில் அறிவாகப் பதிவுபெற்று நூலகத்தில் சேர்ந்தது. மற்றோரிடத்தில் எடையாக மாறிக் கூடையோடு தொழிற்சாலைக்குச் சென்றது.

7. கல்வியும் வரைகலையும்

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டம், தோட்டப் பிள்ளைகளுள் 6 முதல் 10 வயது வரையானோருக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. அவ்வாறு எழுந்த பாடசாலைகள் எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் எல்லையைப் பெரும்பாலும் கடக்கவில்லை. 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசு அவற்றைப் பொறுப்பேற்றபின் நிலைமை மாறத் தொடங்கியது. 2005இல் பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு, தேயிலைத் தொழினுட்பம் பட்டப்படிப்பு நிலையிலேயே கற்பிக்கப்படுகின்றது. இது வரவேற்கத்தக்க வளர்ச்சி. எனினும் தோட்டப் பாடசாலையின் கீழ்வகுப்புகளில் விஞ்ஞானம் இன்னும் பெரிதும் மனனப் பாடமாகவே உள்ளது. நூலில் அச்சிட்ட படத்தைப் பார்த்து மாணவர் பூவை வரைகின்றனர். பாடசாலை வேலிக்கு அப்பால் தேயிலைச் செடி பூத்து நிற்கின்றது.

தாவர வரைகலைக்கு வேண்டிய கருவிகள் மிகச் சில: தாள், கூரிய பென்சில், அளவுகோல், கைவில்லை. ஆய்வுகூடமற்ற பாடசாலையிலும் இவை இயலும். செலவுமிக்க உபகரணங்களின்றி விஞ்ஞான மனப்பாங்கை வளர்க்கக்கூடிய வழிகளுள் இது முதன்மையானது. அதற்கு மேலாக, இப்பயிற்சி வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையே பாலமாகவும் அமையும். துளிரை எங்கே கிள்ளவேண்டும், எந்த இலை முதிர்ந்தது, எந்தச் செடி கவ்வாத்துக்குப் பின் பிந்தித் துளிர்க்கிறது என்பவற்றை அறிந்த ஆசிரியை மாணவரின் வீட்டிலேயே இருக்கிறாள். அத்தாயின் சொற்களைப் படத்தின் கீழே பெயர்களாகவும் குறிப்புகளாகவும் எழுதச் செய்தல், இதுவரை எந்த நூலகத்திலும் சேராத அறிவுத் தொகுதியொன்றைத் திரட்டும் முயற்சியாகவும் அமையும்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் பணி உண்டு. மலையக மக்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டிய ஆர்வத்தோடு, அவர்களிடையே வழங்கும் செடிப் பெயர்களையும் தொழிற்சொற்களையும் உருவப் படங்களோடு இணைத்துத் திரட்டவேண்டும். பெயரை மாத்திரம் எழுதிவைப்பின் குறிஞ்சிப்பாட்டுப் பூக்களுக்கு நேர்ந்த ஐயம் இவற்றுக்கும் நேரும்.

1823இல் ஓர் இளைஞரின் கையிற் பென்சில் கொடுக்கப்பட்டதன் பயன், அவருக்குப் பின் ஒரு குடும்பத்தின் கல்வியாகவும் ஒரு நாட்டின் தாவர நூலாகவும் விரிந்தது. அவ்வாய்ப்பு மடூல்சீமையிலும் பசறையிலும் நமுனுகலையிலும் கோப்பியையும் தேயிலையையும் வளர்த்த மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்தமை வரலாற்றின் விளைவே. இயற்கையின் நியதி அன்று. வரலாற்றினால் ஆனதை மாற்றுதல் இயலும். அதற்கான தொடக்கம், தோட்டப் பாடசாலையின் பிள்ளை ஒரு தேயிலை இலையைப் பறித்து வந்து, அதனைப் புரட்டிப் பார்த்து, அதன் நரம்புகளை எண்ணத் தொடங்குவதிலே உள்ளது.